பதினோரு குஞ்சுகள்

பிற்பகல் மூன்று மணிக்குக் குஞ்சுகள் கத்துவதை நிறுத்தின.

பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில் அவள் அப்படியொரு அமைதியைக் கண்டதில்லை. பதினோரு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி உயரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் இரை கேட்டுக் காதைக் கிழிப்பவை. ஊரில் மகளிடமும் நாத்தனாரிடமும் கோழிப்பண்ணை வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தத் தீவில், என்றோ அழிந்துபோன டைனோசர்களை நகலெடுத்து வளர்க்கிறார்கள் என்று வாய் திறந்தால் வேலையோடு போகாது என்று மேலாளர் எச்சரித்திருந்தார்.

தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கிருமிநாசினி, ஈர வைக்கோல், பச்சை இறைச்சி என்று பழகிய வாடைகளுக்கு அடியிலிருந்து, நாள்பட்ட புண்ணின் நாற்றம் போல ஒன்று மெல்ல ஏறி வந்தது. விளக்குகள் அணைந்தன. கதவின் மின்பூட்டு டக்கென்று விழுந்து இறுகியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. வேலி பழுது பார்க்கப் போயிருந்த கணவன். மூச்சிரைக்கப் பேசினான். வேலி சாய்ந்து கிடக்கிறதாம். அதற்குள் அடைத்திருந்த, இந்தக் குஞ்சுகளின் தாய் விலங்கைக் காணோமாம்.

"கதவைத் திறந்து வை. வந்துட்டேன்."

"கரண்ட் இல்லைங்க. பூட்டு திறக்க மாட்டேங்குது."



"உடை. எதையாவது வெச்சு உடை."

இரும்பு முக்காலியைத் தூக்கிப் பூட்டின்மேல் அடித்தாள். கதவின் சின்னக் கண்ணாடியில் அவன் முகம் வந்துவிட்டது. வெளியிலிருந்து அவன் தோளால் மோதினான். அவள் உள்ளங்கை கிழிந்தது. மறுபடி அடித்தாள். பூட்டு அசையவில்லை. மறுபடி.

அவன் மோதுவதை நிறுத்தினான். அவளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே எதையோ பார்த்தான்.

"போதும்," என்றான், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "சத்தம் போடாம உள்ளேயே இரு. பாப்பாவைப் பாத்துக்கோ."

கண்ணாடியில் மழை மட்டும் இருந்தது.

அலறல் இல்லை. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். என்னங்க என்றாள்.

கூரைத் தகரம் கிரீச்சிட்டது. ஓர் ஆணி தெறித்தது. இன்னொன்று.

குஞ்சுகள் அந்த இடத்துக்குக் கீழே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கூடின. தகரம் விலகியது. மழையோடு ஒரு நீண்ட தாடை, அவசரமே இல்லாமல், தாய்க்கே உரிய பதவிசோடு இறங்கியது. அதன் பற்களுக்கிடையில் இரண்டு கால்கள் தொங்கின.

பதினோரு வாய்களும் திறந்தன.