காசு விழும் வாய்

என் கணவன் ராய்ஸுக்குப் பழைய சூதாட்ட மெஷின் என்றால் பைத்தியம். எங்கள் கார் ஷெட் முழுக்க அவைதான். கார் வெளியே பனியில் நிற்கிறது. இன்னொன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, மொன்டானாவின் சுரங்க ஊர் ஒன்றில் மூடிக்கிடந்த மதுக்கடைக்கு அன்று மதியம் போனோம்.

ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. உள்ளே புளித்த பீர் நாற்றம். கடைக்காரி ஹெல்மி மெஷின்மேல் டார்ச் அடித்துக் காட்டினாள், கிட்டே மட்டும் வரவில்லை.

"காசு விழுற வாய்க்குள்ள கைய விடாதீங்க தம்பி. எங்கப்பா காலத்துல ஒரு சுரங்கக்காரன் அதுக்குள்ள கம்பிய விட்டுக் காசு திருடினான். அப்பா உள்ள கத்தி வச்சிட்டாரு. விரலு போச்சு, கை மாட்டிக்கிச்சு. ரத்தம் வடிஞ்சு இங்கயே செத்தான். எல்லாரும் குடிச்சிக்கிட்டே பாத்தாங்க."

"இந்தக் கதைக்குத் தனியா காசு வாங்குவீங்களா?" என்று சிரித்தான் ராய்ஸ்.

மெஷினின் பின்கதவைத் திறந்து, சக்கரங்களோடு உள்பாகத்தை முழுசாக உருவி மேஜைமேல் வைத்தான். மிச்சம் வெறும் இரும்புக்கூடு. கத்தி எதுவும் இல்லை. நான் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். அவன் முன்பக்கம் போய், விரிசல் இருக்கிறதா என்று அந்த வாய்க்குள் விரலை விட்டான். தடவிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டான்.

காலிக் கூட்டுக்குள் அவன் விரல்கள் தெரிந்தன.

"ஜில்லுனு இருக்கு," என்றான்.

கூட்டின் மூலையிலிருந்து இன்னொரு கை வந்தது.

அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருந்தன.

அது அவனைப் பிடித்து இழுத்தது. காசு விழும் ஓட்டைக்குள் மணிக்கட்டு போனது, முழங்கை போனது. எலும்புகள் விறகு ஒடிவதுபோல் முறிந்தன. தோல் உரிந்து விளிம்பில் சுருண்டது. ராய்ஸ் அலறியபடி கூட்டில் தலையை மோதினான். விட்டால் அடுத்தது கழுத்துதான்.

ஹெல்மி விறகு அடுப்பருகே கிடந்த கோடரியை என்னிடம் நீட்டினாள். "அன்னைக்கு வெட்டியிருந்தா அவன் பொழச்சிருப்பான்," என்று கிசுகிசுத்தாள். "யாருக்கும் மனசு வரல."

எனக்கு வந்தது. தோளுக்குக் கீழே வெட்டினேன். ஒரே வெட்டில் போகவில்லை.

ராய்ஸ் பிழைத்தான். கூட்டுக்குள் பார்த்தபோது கை இல்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. ஹெல்மி அந்த மெஷினைப் பழைய சுரங்கக் குழியில் தள்ளிவிட்டாளாம்.

இல்லாத கை வலிப்பது சகஜம் என்றார் டாக்டர்.

"வலி இல்லடி," என்றான் ராய்ஸ் என்னிடம். "கையப் பிடிச்சிருக்கான். இன்னும் விடல."

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் அவனைத் திட்டினேன்.

நேற்றுக் காலை அவனை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டை மாட்டிவிட்டேன். தொங்கிக்கொண்டிருந்த காலிச் சட்டைக் கை மெதுவாக எழுந்து, சுரங்கம் இருக்கும் திசையில் விறைத்து நீண்டது. நாற்காலி தரையில் தேய்ந்து நகர்ந்தது.

கத்தரியை எடுத்து அந்தச் சட்டைக் கையை வெட்டி எறிந்தேன்.

நாற்காலி மறுபடி நகர்ந்தது.