சாமுண்டிக்கும் ஒரு ஷிப்ட்

பத்து வயது சாமுண்டீஸ்வரி பள்ளிக்கூடம் போவதில்லை. அவளுக்கு வீடுதான் வகுப்பு. ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா நாகேந்திரன்தான் வாத்தியார். இதற்காக தொழிலாளர் குவார்ட்டர்ஸே இரண்டுபட்டு நின்றது என்றால் நம்புவீர்களா? நின்றதே!

அது 1989. குவார்ட்டர்ஸ் சங்கத்துக்குத் தேர்தல் நேரம். செயலாளர் பதவிக்கு நின்ற வேம்புலியும் கஜபதியும் இதைவிட்டு வேறு பேச்சே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டுப் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று கை தூக்கி ஓட்டு. கூட்டம் சொல்வதைக் கேட்கிறேன் என்று அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“புள்ளைய ஊட்ல பூட்டி வெச்சிக்கினு பாடம் சொல்றதா? இன்னாய்யா நியாயம் இது?” என்று மைக்கில் முழங்கினார் வேம்புலி.

“பெத்தவனுக்கு உரிமை கீது! அவன் புள்ள, அவன் இஷ்டம்!” என்று எகிறினார் கஜபதி.

“பூட்டியெல்லாம் வைக்கலைங்க...” என்ற அப்பாவை யாரும் பேச விட்டால்தானே!

சாமுண்டிக்கு வந்ததே கோபம்! விருட்டென்று எழுந்தாள்.

“படிக்கிறது நான்தானே? என்னை ஒருத்தரும் கேக்கலையே!”

முன்வரிசையில் இருந்த குவார்ட்டர்ஸ் பள்ளித் தலைமையாசிரியை ஞானம்மாள், “நீ சொல்லு கண்ணு” என்றார்.

“அப்பா சொல்லிக் கொடுத்தாத்தான் எனக்குப் பிடிக்கும் டீச்சர். ரேடியோவையே பிரிச்சுக் காட்டுவார். எத்தனை வாட்டி கேட்டாலும் சலிச்சுக்க மாட்டார். ஆனா...” அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “ஓட்டப்பந்தயம் வெச்சா வேணும்னே மெதுவா ஓடுவார். எனக்கு நெஜமா ஓடுற ஆளுங்க வேணும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

“அப்போ ஸ்கூலுக்குப் போ!” என்று துள்ளினார் வேம்புலி.

“எனக்கு ரெண்டும் வேணும் மாமா. உங்களுக்கெல்லாம் வாரம் மாத்தி ஷிப்ட் வருதில்ல? எனக்கும் ஷிப்ட் போடுங்க. அப்பாவுக்குக் காலை ஷிப்ட்டுன்னா நான் ஸ்கூல். மதிய ஷிப்ட்டுன்னா காலையில வீட்ல பாடம்.”

கூடமே சிரித்தது. ஆனால் சாப்பாடு, தூக்கம், கல்யாணம் எல்லாவற்றையும் ஷிப்ட் பார்த்தே வைத்துக்கொள்ளும் ஜனங்கள் அவர்கள். விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

“அப்படியே வரட்டும். பரீட்சை மட்டும் எல்லாரோடயும் உக்காந்து எழுதணும்” என்றார் ஞானம்மாள்.

“எழுதறேன் டீச்சர்!”

ஷிப்ட்டுக்கு ஓட்டு என்றதும் முதல் கையைத் தூக்கியவர் அப்பா. அடுத்தது கஜபதி. வேம்புலி சுற்றுமுற்றும் பார்த்தார். மளமளவென்று கைகள் உயர்வதைக் கண்டதும், “நானும் இதத்தானே சொல்லிக்கினு கீறேன்!” என்று இரண்டு கையையும் தூக்கினார்.

அந்த வாரம் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். திங்கட்கிழமை மாலை, உடம்பெல்லாம் புழுதியும் முழங்காலில் சிராய்ப்புமாக வந்து நின்றாள் சாமுண்டி.

“ஐயையோ, என்னம்மா ஆச்சு?” என்று பதறினார் அப்பா.

“ஓட்டப்பந்தயம்ப்பா! எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. நெஜமாவே தோத்துட்டேன்!” என்றாள் சாமுண்டி, முகமெல்லாம் சிரிப்பாக.