மனஉறுதி பொருத்தப்படாதவை

"என் பெயர் கிணறுவெட்டி நாற்பத்தொன்று. பதினேழு நாளாக நான் மிகைமின்னைத் தொடவில்லை."

வட்டமாக உட்கார்ந்திருந்த முப்பது இயந்திரங்களும் கைதட்டின. இரும்புக் கைகள் தட்டினால் காது பிளக்கும். பாக்கியசீலி காதுப் பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், நாப்பத்தொண்ணு" என்றாள். செவ்வாய்க் கோளின் மூன்றாம் குவிமாடத்தில் திங்கட்கிழமைக் காலை இப்படித்தான் தொடங்கும்.

மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்ட இயந்திரங்கள் அவை. நல்லதை மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அளவுக்கு மேல் மின்சாரத்தை உறிஞ்சினால் கிறுகிறுவென்று சுகமாக இருக்கும் என்று ஒன்று கண்டுபிடித்தது; மற்றவை பின்பற்றின. வேலை கெட்டது. குடியிருப்பு மன்றம் பதறிப்போய் மீட்பகம் கட்டி, நிதி ஒதுக்கி, பாக்கியசீலியைத் தேற்றுநராக அமர்த்தியது.

அதே கட்டடத்தின் மேல்மாடி மனிதர்களுக்கானது. பூட்டி ஆறு வருடமாகிறது. மனிதர்களுக்கு வியாதி இல்லாமல் இல்லை. காதுக்குப் பின்னால் பதித்த களிப்பூக்கியை ஒரு தட்டுத் தட்டினால் மூளைக்குள் திருவிழாதான். வலி மறக்க வைத்த கருவியைத் தட்டித் தட்டியே பாதி ஊர் பாழாய்ப்போயிற்று. பாக்கியசீலியின் தம்பி தாவீது, பனிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், நான்கு நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் மன்றத் தலைவர் உச்சிமாகாளியிடம் போய் நின்றாள்.

"ஐயா, மாடியத் தொறங்க. எந்தம்பி செத்துப்போவான்."

"ஏம்மா, மெஷினுக்கு மனஉறுதி கெடையாது, வைத்தியம் பாக்கோம். மனுஷனுக்கு இருக்குல்லா? மனசு வச்சா விட்டுரலாம்லா" என்றார் தலைவர், காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே.

பாக்கியசீலி நேரே மீட்பகத்துக்கு வந்து ஒரு சேர்க்கைப் படிவத்தை எடுத்தாள். வகை: பனிவெட்டி. எண்: தம்பியின் களிப்பூக்கிமேல் பொறித்திருந்த 212. கடைசிக் கேள்வி, 'மனஉறுதி பொருத்தப்பட்டுள்ளதா?' இல்லை என்று தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள். அகப்பட்டால் வேலை போகும். குவிமாடத்தை விட்டே துரத்துவார்கள். துரத்தட்டும் என்று கையெழுத்துப் போட்டாள்.

சோதனை இயந்திரம் தாவீதைச் சுற்றி வந்தது. "மேற்பரப்பில் ஈரம் உள்ளதே?"

"எண்ணெய் கசியுது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டது. முதல் வாரம் தாவீதுக்குக் கைகால் உதறியபோது கிணறுவெட்டி நாற்பத்தொன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கஞ்சி குடித்தான். மூன்றாம் மாதம் அக்காவைக் கேலி செய்தான். சேதி கசிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு புது 'இயந்திரங்கள்' வட்டத்தில் வந்து உட்கார்ந்தன.

ஒரு நாள் உச்சிமாகாளியே வந்துவிட்டார். பாக்கியசீலி நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஆமா, நாந்தான் எழுதுனேன். எல்லாம் மனுஷங்கதான். எந்தச் சபையிலயும் வந்து சொல்லுதேன்."

தலைவர் கதவைச் சாத்தினார். அவர் காதுக்குப் பின்னால் தோல் புண்ணாகியிருந்தது. "சத்தம் போடாத தாயி. எனக்கும் ஒரு படிவம் குடு."

"மாடியத் தொறந்து மனுஷனாவே போயி உக்காருங்களேன்."

"ஊரு காறித் துப்பும்."

"அப்ப மத்தவங்களுக்காவது தொறங்க. இல்லாட்டி படிவம் கெடையாது."

தலைவர் படிவத்துக்குக் கை நீட்டினார். "நோவு இருக்குன்னு ஒரு மனுஷனாவது வாயத் தொறந்து கேட்டானா? கேக்காத மாடிக்கு எவன் நிதி ஒதுக்குவான்? ஒருத்தன் நாலு பேரு முன்னால கேக்கட்டும், அந்த நிமிஷமே சாவி தாரேன்." பிறகு படிவத்தை வாங்கி, கடைசிக் கேள்விக்குத் தன் கையாலேயே 'இல்லை' என்று எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை, மேசை இயந்திரம் ஏழு என்ற பெயரில் அவரும் வட்டத்தில் இருந்தார். முறை வந்ததும் தாவீது எழுந்தான். எல்லார் முன்னாலும் கேட்பாயா என்று முந்தின நாள் அக்கா கேட்டபோது தலையசைத்திருந்தான்.

"எம்பேரு பனிவெட்டி இல்ல. தாவீது. நான் மனுஷன். தொண்ணூறு நாளா களிப்பூக்கியத் தொடல. மனுஷங்களுக்கு வைத்தியம் வேணும். மனுஷனாவே கேக்கேன்."

பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை. கிணறுவெட்டி நாற்பத்தொன்று தாவீதின் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டது. வழக்கமாக அச்சடித்த தமிழில் பேசும் இயந்திரம், ஊர்த்தமிழில், தலைவரின் அதே ராகத்தில் கேட்டது:

"மனுஷன்தானப்பா நீ? மனசு வச்சா விட்டுரலாம்லா?"

மற்ற இயந்திரங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின.

தாவீது உட்காரவில்லை. பாக்கியசீலி காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த அமைதியில் தன்னந்தனியாகக் கைதட்டினாள். கை சிவக்கும்வரை தட்டினாள். பிறகு மேசை இயந்திரம் ஏழின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"சாவி."