காணாமல் போன இளவட்டங்கள்

ஜெலுத்தோங்கில் கணினிக் கடை வைத்திருந்த யுகேந்திரன், துப்பறிவாளர் என்று பலகை எதுவும் மாட்டவில்லை. யாராவது அப்படி அழைத்தால் மறுக்கவும் மாட்டார். அன்று காலை அவரைத் தேடி வந்தவள் பக்கத்துத் தெரு கிளினிக்கில் வேலை செய்யும் பிரிஸில்லா. அழுதழுது கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நோயாளிங்க விவரத்தப் புது கம்ப்யூட்டருக்கு மாத்தினோம். நெறைய பேர 'தவறான பதிவு'ன்னு தள்ளிடுது. நாந்தான் ஏதோ கெடுத்துட்டேனாம். நாளையிலேருந்து வேலைக்கு வரவேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க லா."

"வைரஸ்தான் அண்ணே!" என்று துள்ளி எழுந்தாள் உதவியாளர் ஐனா. சுவிட்ச் போடாத பிரிண்டரைப் பார்த்தும் அவள் வைரஸ் என்றவள்தான்.

கிளினிக்கில் டாக்டர் காமினி முகம் கொடுத்துப் பேசவில்லை. யுகேந்திரன் நிதானமாகக் கணினி முன் உட்கார்ந்தார்.

"ஐனா, உள்ள வராதவங்க யாரு யாருன்னு பாரு."

"தாத்தா பாட்டிங்க வந்துட்டாங்க. கைக்குழந்தைங்களும் வந்துட்டாங்க. காலேஜ் பிள்ளைங்க, ஒர்க்‌ஷாப் பையனுங்க, இவங்கதான் இல்ல."

"உன் வைரஸுக்கு வயசு பாக்கத் தெரியுமா?"

யுகேந்திரன் பிரிஸில்லாவிடம் திரும்பினார்.

"பழைய கம்ப்யூட்டர்லேருந்து ஃபைல எப்பம்மா எடுத்தே?"

"சனிக்கிழமை. எடுத்து இதுல காப்பி பண்ணி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் புது புரோகிராம்ல ஏத்தினேன்."

"கடைசியா சேவ் பண்ணது ஞாயித்துக்கெழமைன்னு காட்டுதே?"

"அன்னிக்கு நான் மாதா கோயில்ல இருந்தேண்ணே. பூசை முடிஞ்சு செபராங் ஜெயாவுல அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். கிளினிக் சாவிகூட எங்கிட்ட இல்ல."

யுகேந்திரன் டாக்டரையும் அழைத்தார்.

"டாக்டர், நம்ம அடையாள அட்டையில உள்ள ஐசி நம்பர் பொறந்த வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கத்துலதானே ஆரம்பிக்கும்? ரெண்டாயிரத்து நாலுல பொறந்தவனுக்கு சீரோ நாலு. இந்த ஃபைல யாரோ அட்டவணை போடுற சாஃப்ட்வேர்ல திறந்து சேவ் பண்ணியிருக்காங்க. அதுக்கு எல்லாமே கணக்கு. முன்னால நிக்கிற சீரோவுக்கு மதிப்பில்லேன்னு தூக்கிப் போட்டுடும். பன்னெண்டு இலக்கம் இருக்க வேண்டியது கொறைஞ்சு போச்சு. இது ஐசியே இல்லேன்னு புது கம்ப்யூட்டர் தள்ளிடுச்சு."

"அப்ப தாத்தாக்கள்?" என்றாள் ஐனா.

"ஆறு, அஞ்சுன்னு ஆரம்பிக்கும். கைக்குழந்தைக்கு ரெண்டு. ரெண்டாயிரத்துலேருந்து ரெண்டாயிரத்து ஒம்பது வரைக்கும் பொறந்தவங்க மட்டுந்தான் மாட்டிக்கிட்டாங்க."

காமினியின் முகம் மாறியது.

"நாந்தான் திறந்தேன்," என்றார் மெல்ல. "ஞாயித்துக்கெழமை வந்தேன். எல்லாரும் இருக்காங்களான்னு பாத்தேன். மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்திட்டேன்."

"எல்லாரும் அழுத்துறதுதான் டாக்டர். ஒண்ணும் தொலையல. பழசு இன்னும் இருக்குல்ல?"

ஸ்டோர் ரூமிலிருந்து பழைய கணினி வந்தது. ஐனா விவரங்களைப் புதிதாக எடுத்து, நடுவில் எதிலும் திறக்காமல் அப்படியே ஏற்றினாள். இந்த முறை ஒருவர்கூட விடுபடவில்லை. ஐனா கைதட்டினாள்.

காமினி பிரிஸில்லாவின் அருகில் வந்தார். "நான் செஞ்ச தப்ப உன் தலையில போட்டுட்டேன். கேக்கக்கூட இல்ல. மன்னிச்சிடும்மா. நாளைக்கு வருவேல்ல?"

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். பிரிஸில்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு கவுன்டரில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேலையே இன்னும் முடியல டாக்டர்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.