அட்டை தூக்கும் ஜட்ஜம்மா

கல்லூரியில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வயது பத்து.

அறிவியல் படிக்கும் மாணவர்களைப் பேசப் பழக்குவது அவள் அப்பாவின் வேலை. படித்ததை யாருக்கும் விளங்கும்படி வாயால் சொல்ல வேண்டும். படம் காட்டக் கூடாது. தாளைப் பார்க்கக் கூடாது. கேட்பதற்குத்தான் ஜட்ஜம்மா. புரியாவிட்டால் சிவப்பு அட்டையைத் தூக்குவாள். முடிவில், கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். சரியாகச் சொல்லிவிட்டால் பேசியவர் பாஸ்.

அம்மா இறந்த பிறகு பள்ளி விட்டதும் அவள் இங்கேதான் வருகிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அன்று முதலில் நெட்டையான ஓர் அண்ணன் காந்தத்தைப் பற்றிப் பேசினார். அட்டை ஏறி ஏறி இறங்கியது.

"ஜட்ஜம்மா, கொஞ்சம் இரக்கம் காட்டுங்க. எனக்கே அவ்வளவுதான் புரிஞ்சிருக்கு" என்றார்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்து நாளாகிவிட்டது.

அடுத்து வந்த கண்ணாடி அக்கா அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அன்று பள்ளி விடுமுறை, அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தார். தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தார். அம்மா இறந்தது அதனால்தான். கல்லூரிக்கே அது தெரியும்.

அப்பா மகளை வெளியே போகச் சொன்னார். அவள் நகரவில்லை.

"நான்தானே ஜட்ஜ்? நான் கேக்கணும்."

மருத்துவமனையில் டாக்டர் சொன்னது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. அங்கே கையில் அட்டையும் இல்லை. கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றாள் அத்தை. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

அக்கா ஆரம்பித்தார். பயத்தில் பெரிய பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்தார். அட்டை எழுந்தது. மறுபடியும் எழுந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவளை மட்டும் பார்த்துப் பேசினார். சிலருக்கு மூளையின் அடியில் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்துவிடும். சைக்கிள் ட்யூப் புடைப்பதுபோல அங்கே மெல்ல மெல்லப் புடைக்கும். வருஷக்கணக்காகும். பெரும்பாலும் வெளியே தெரியாது. ஒருநாள் வெடித்துவிடும்.

அட்டை எழவில்லை.

"பந்து பட்டா வெடிக்குமா?" என்று கேட்டாள்.

ஏன் கேட்டாள் என்று அவளே சொன்னாள். அம்மா விழுவதற்கு முதல் நாள் அவள் எறிந்த ரப்பர் பந்து அம்மாவின் நெற்றியில் பட்டது. அம்மா தேய்த்துக்கொண்டே சிரித்தாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா அவசரப்படவில்லை.

"இல்லைம்மா. அது மண்டையோட்டுக்குள்ள, ரொம்ப ஆழத்துல இருக்கு. பந்து பட்டா நெத்தி வலிக்கும், அவ்வளவுதான். நீ பண்ணினது இல்லை."

"எனக்காகச் சும்மா சொல்றீங்களா?"

"எனக்கு மார்க் போடறதே நீதான். உங்கிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போறது?"

இனி ஜட்ஜம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். எழுந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அம்மா விழுந்த அன்று காலையில் தலைவலி என்றாள். அப்பா மாத்திரை கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் இப்போதெல்லாம் காலையில் செருப்பை மாட்டியதும் அப்பா வாசலிலேயே நின்றுவிடுகிறார். அவள் பார்த்திருக்கிறாள்.

"அது அம்மாவுக்குள்ள ரொம்ப வருஷமா இருந்திருக்கு. அம்மாவுக்கே தெரியலை. என் பந்தால வெடிக்கலை. நீங்க காலேஜுக்குப் போனதாலயும் வெடிக்கலை அப்பா."

அப்பா எழுந்து அவள் அருகே வந்தார்.

"கடைசியா சொன்னியே, அதை அந்த அக்கா சொல்லலையே."

"ஆமா. அது நான் சொல்றது" என்றாள். "புரியுதா?"

அப்பாவுக்குப் புரிந்தது.