அறுபதில் நின்ற முள்

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு விளக்கு அணைந்தது.

அறை விளக்கல்ல. மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப் மேசைமேல் மூடி கழற்றிக் கிடந்தது; அதன் முகப்பில், சுண்டுவிரல் நகமளவு இருக்கும் சிவப்பு விளக்கு. அதோடு திரையில் படுத்திருந்த பச்சைக் கோடும் போயிற்று. நான்கு வினாடி. பிறகு இரண்டும் தாமாகவே திரும்பின.

பதினொரு நாளாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். நோட்டை இழுத்து நேரத்தைக் குறித்தான். குறித்து முடித்த பிறகுதான் முள் மீட்டர் உறைத்தது. கருவிக்குள் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்க்க அதை இணைத்து வைத்திருந்தான். விளக்கு அணைந்தால் முள் பூஜ்யத்தில் விழ வேண்டும். அந்த நான்கு வினாடியும் விழவில்லை.

அறுபதில் நின்றது.

இப்போது பார்த்தால் வழக்கமான நூற்றெண்பதில் இருந்தது. மீட்டரைச் சுண்டிப் பார்த்தான். முள் ஆடி அதே இடத்தில் நின்றது. அந்த அறுபதை மட்டும் அவன் நோட்டில் எழுதவில்லை.

"வந்துச்சா?" முன்னறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துச்சு. நாலு செகண்டு."

அவள் எழுந்து வரவில்லை. அண்ணன் செத்த அறைக்குள் அவள் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை.

நாற்பது கிலோ எடையும் ஐம்பது வயதும் உள்ள கருவி அது. அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தது செத்துப்போன மச்சான்தான். காலையில் கடையைத் திறந்ததும், "பெரியவருக்கு ராத்திரி மூச்சு எப்படி இருந்துச்சாம் மாப்ள?" என்பார். பழைய அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் அந்தக் கடையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். பெரியவரின் பழுது, வந்து வந்து போகிற வகை. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மின்சாரம் செத்துப்போகும், சில வினாடியில் தானே உயிர் பெறும். மூடியைத் திறந்து உட்கார்ந்தால் நாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருக்கும். "டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுடுது பாரு" என்பார் மச்சான். ஆறு வாரம் துரத்தினார்கள்.

நாலரைக்கு மின் ஆய்வாளர் வருகிறார். கருவி தானாக அணைந்து தானாக எரிவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் மச்சான் செத்தது விபத்து. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பார்க்காவிட்டால் ஒரு கேள்வி மிஞ்சும். கை உள்ளே இருக்கும்போது மின்சாரம் எப்படி வந்தது? கடையில் அன்று வேறு ஆளில்லை.

முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடிவந்து சுவிட்சைத் தள்ளினேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மனைவி மட்டும் இந்தப் பதினொரு நாளில் ஒரே வாக்கியத்தைப் பலமுறை சொல்லிவிட்டாள்.

"அண்ணன் கேக்காம கை வைக்க மாட்டானே."

உண்மைதான். கடையில் அது ஒரு வழக்கம். ஒருவர் மேசையில் இருந்தால் மற்றவர் கதவோரம் மெயின் சுவிட்சில் நிற்க வேண்டும். கையைக் கருவிக்குள் விடுவதற்கு முன் மேசையில் இருப்பவர் "ஆஃபா?" என்று கேட்பார். சுவிட்சில் நிற்பவர் கைப்பிடியைக் கீழே தள்ளிவிட்டு "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை உள்ளே போகும்.

அன்று மச்சான் கேட்டார். அவன் சுவிட்சில்தான் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் விளக்கு அணைந்திருந்தது. ஆறு வாரத்தில் முதல்முறையாக, மூடி திறந்திருக்கும்போது. கைப்பிடியைத் தள்ளினால் கருவி ஆறிவிடும், பழுது மறுபடி ஒளிந்துகொள்ளும், இன்னும் ஆறு வாரம் போகும். அதைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. விளக்கைப் பார்த்தான். கைப்பிடியைத் தள்ளாமல் விட்டுவிட்டான்.

"ஆஃப்" என்றான்.

மூன்று இருபத்து நான்குக்கு மறுபடி அணைந்தது. இம்முறை மீட்டர் மேலேயே கண் வைத்திருந்தான். முள் சரிந்து வந்து அறுபதில் நின்றது. நடுங்கவில்லை. ஒன்பது வினாடி. மேசைக்கடியில் மரத்தை மரம் தட்டுவது போல இரண்டு முறை ஓசை வந்தது. குனிந்து பார்த்தான். மேசையின் கால்கள், அவன் நாற்காலி, தரையில் விரித்த கறுப்பு ரப்பர் விரிப்பு. வேறொன்றும் இல்லை.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் பதினேழு வினாடி.

ஜன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்து மேசையின் பாதிவரை வந்திருந்தது. சூடேறிய தூசியின் வாடையும் உருகும் மெழுகின் வாடையும் கருவியிலிருந்து எழுந்து அந்த வெயிலுக்குள் மெல்லச் சுழல, டிரான்ஸ்பார்மரின் தாழ்ந்த ரீங்காரம், விளக்கு அணையும் ஒவ்வொரு முறையும் நிற்காமல், இன்னும் தாழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் தொண்டைக்குள் முனகுவது போல ஆனது. தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. யாரோ "வா வா வா, போதும்" என்று கத்தினார்கள். அவன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தான். வியர்க்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று யோசித்தான். தெரியவில்லை. கை யாருடையதோ போல இருந்தது. பதினொரு நாளாகவே அப்படித்தான்.

நான்கு, ஒன்பது, பதினேழு. வளர்கிறது. எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

சுவிட்சுக்கு மேலே சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அன்று விளக்கு திரும்பி எரிந்து, மச்சானின் முதுகு விறைத்து, அவர் முழங்கால் மேசைக்காலில் அடிக்கத் தொடங்கியபோது, அவன் அந்த வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைப்பிடி தோள் உயரத்தில் இருந்தது. தள்ள வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. காரணம் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு வினாடி கழித்துக் கை தானாக எழுந்தது. 'கண்ணிமைக்கும் நேரம்' என்று டாக்டரிடம் சொன்னான்.

அணைத்துவிடலாம். கைப்பிடியைத் தள்ளினால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் கருவி ஆறிவிடும். ஆறினால் ஆய்வாளர் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

எழுந்து வேலையைப் பார்த்தான். மின்சாரம் மார்பு வழியே பாயாதிருக்க இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையில் ஒரு மரக்குச்சியை எடுத்து ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொண்டு வந்தான். மின்தேக்கிகள். ஒன்றுமில்லை. வால்வுகள். ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் மின்சாரத்தைச் சேர்த்து அறுக்கும் ரிலேயின் மூன்றாம் காலைத் தொட்டதும் விளக்கு அணைந்தது. குச்சியை எடுத்தான். எரிந்தது. மறுபடி தொட்டான். அணைந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். ஈயப்பற்றில் மயிரிழை போல ஒரு விரிசல். சூட்டில் விரிகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது.

இதுதான் பழுது. ஆறு வாரம் தேடியது. நிஜமானது, சாதாரணமானது.

குச்சியால் தொட்டபோதெல்லாம் மீட்டர் முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் விழுந்தது.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு, அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றபோது, விளக்கு அணைந்தது. முள் அறுபதில் நின்றது. இருபத்தாறு வினாடி. மேசைக்கால் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன தட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"செக் பண்றேன்."

ஆய்வாளர் நாலரைக்குச் சரியாக வந்தார். குள்ளமானவர், ஓய்வு பெறும் வயது. செருப்பை வாசலில் விடப் போனவர் என்ன நினைத்தாரோ, போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"எங்க, நோயாளி எங்க? இதானா? எங்க மாமனார் வயசிருக்கும் போலயே."

"பழுது கெடைச்சிடுச்சு சார்."

"எனக்காகக் காத்துட்டு இருந்துச்சா? பரவால்ல, மரியாதை தெரிஞ்ச மெஷினு."

அவன் குச்சியால் காட்டினான். விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது. முள் பூஜ்யம், நூற்றெண்பது, பூஜ்யம். ஆய்வாளரும் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு குனிந்து விரிசலைப் பார்த்தார். நிமிர்ந்து பின்சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தாளை எடுத்தார். மனைவி கதவு நிலைவரை வந்து நின்றாள். அவளுக்கு வழிவிட்டு அவன் சுவிட்சோரம் ஒதுங்கினான்.

"வெளக்கு அணைஞ்சிருக்கு. கரண்டு இல்லன்னு நெனச்சு அவரு கைய விட்டிருக்காரு. திரும்ப வந்துடுச்சு. அவ்ளோதாம்மா. கவனக்குறைவுன்னுதான் எழுதணும், வேற வழியில்ல."

"அவன் கேக்காம கை வைக்க மாட்டான் சார்."

"கேக்க ஆள் வேணுமேம்மா. இவருதான் முன்னாடி ரூம்ல போன்ல இருந்திருக்காரே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சொல்வதற்கு அதுதான் நேரம் என்று அவனுக்குப் பட்டது. ஆய்வாளரின் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு வரி. இரண்டாவது வரி. கையெழுத்துக்குப் பேனாவைத் தூக்கினார்.

விளக்கு அணைந்தது.

"குச்சிய அங்கயே விட்டுட்டீங்களா?"

குச்சி மேசைமேல் கிடந்தது. ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தார்.

"என்னங்க இது? செத்த பெறகும் அறுபது இழுக்குது?"

"உள்ள ஏதாவது பாகம் இருக்கும் சார்."

"பாகம் இப்படி இழுக்காது தம்பி. இது ஒரு ஆளு கை வெச்ச மாதிரி..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

எட்டு. ஒன்பது. அவனுக்கு நேராகக் கடிகாரம் இருந்தது.

மேசைக்கால் தட்டத் தொடங்கியது. மெல்ல, பிறகு வேகமாக. டப்பாவில் இருந்த திருப்புளிகள் கிணுகிணுத்தன. ரீங்காரம் தாழ்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து வருவதாக மாறியது. மெழுகு வாடை. அதற்கடியில் வேறொரு வாடை. முடி கருகுவது போல.

"சுவிட்சைத் தள்ளுங்க" என்றார் ஆய்வாளர்.

பதினைந்து.

"தள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

கைப்பிடி தோள் உயரத்தில் இருந்தது. தள்ள வேண்டும் என்று தெரிந்தது.

இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

ஆய்வாளர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சுவிட்சுக்கு வர அவர் மேசையைத் தாண்ட வேண்டும். ஓரடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் இடித்தது. அதற்கு மேலும் நகரப் பார்த்தார்.

அவனும் பார்த்தான்.

மேசை முன்னே ரப்பர் விரிப்பு. அதன்மேல் யாரும் இல்லை. விரிப்பில் இரண்டு குழிகள் இருந்தன. குதிகால் இல்லை. முன்பாதம் மட்டும். எம்பி நிற்கும் ஒருவரின் மொத்த எடையும் அழுத்திய குழிகள். ஒவ்வொரு தட்டலுக்கும் வலது குழி நடுங்கியது.

முப்பத்து மூன்று.

கை எழவில்லை.

முப்பத்து நான்கு. பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கடிகாரத்தின் வினாடி முள் மட்டும் சுற்றியது.

மனைவி நிலையைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். அவள் விரிப்பைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் போகும் இடத்தைத் தொடர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே கைப்பிடியை. அதற்குப் பக்கத்தில் தொங்கிய அவன் கையை.

முப்பத்தெட்டு.

"ஏங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கும் இங்கயேதான் நின்னீங்களா?"