மஞ்சள் புள்ளி

மார்ச் 9, திங்கள்.
இன்றைய பிழை: பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் இரண்டாம் கனெக்டிங் ராடின் மூடியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ராடிலும் மூடியிலும் வெட்டியிருக்கும் எண்கள் ஒரே பக்கம் வர வேண்டும். எதிரெதிராகப் போட்டது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான் உறைக்கிறது. சுற்றிப் பார்த்தபோது கிராங்க் தண்டு இறுக்கமாக இருந்தது. புது பேரிங், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
நாளை: கழற்றிச் சரியாகப் போட வேண்டும்.

எழுதி முடித்துக் குறிப்பேட்டை மூடுவதற்குள் பக்கத்து பெஞ்சு லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். மாலை வகுப்பில் டீசல் எஞ்சின் படிக்க வந்த பதினான்கு பேரில் அவர்தான் வாயாடி.

“மூடியத் திருப்பிப் போட்டுட்டியா தங்கச்சி? பயப்படாதே. எஞ்சின் திட்டாது, அடிக்காது. அந்த ராடு மட்டும் பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்து, யார்றா மெக்கானிக்குன்னு எட்டிப் பாத்துட்டுப் போகும்.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ்களின் எண்ணைச் சரிபார்ப்பது அவள் வேலை. எதையும் எழுதி வைக்காமல் அவளுக்கு ஓர் அடி நகராது. எழுதிய பிறகும் சரிதானா என்று நான்கு முறை பார்ப்பாள். அதனால்தான் அக்கா அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. அக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது.

அக்கா பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு போகிற வியாதி. வேலைக்குப் போக முடியாமல் போனதும், தன் பழைய டீசல் காரின் எஞ்சினை வீட்டு ஷெட்டிலேயே இறக்கிப் பிரித்தாள். நாற்பத்தொரு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. அவள் கை வைப்பாள், நோட்டு டார்ச் பிடிப்பாள். முட்டி போட்டபடி நாலு போல்ட் கழற்றினால் பத்து நிமிடம் மூச்சு வாங்குவாள். அப்போதும் வாய் மட்டும் ஓயாது. “நோட்டு, வெளிச்சத்த எஞ்சின்ல அடி. என் மூஞ்சி அழகா இருக்கறது எனக்கே தெரியும்.”

திரும்பப் பூட்டும் வேலையில் கிராங்கை மட்டும்தான் முடித்தாள். பத்து போல்ட், பத்து மஞ்சள் புள்ளி. முழு அளவுக்கு இறுக்கிய போல்ட்டின் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். “புள்ளி வெச்சது முடிஞ்சது. அப்புறம் சந்தேகமா இருக்குன்னு அதத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்” என்பாள். நோட்டு எப்போதும் சந்தேகப்படுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்த அன்று, அந்த மஞ்சள் பேனாவை அவள் சட்டைப்பையில் செருகியவள் நோட்டுதான்.

அதனால் நோட்டு வைப்பது வெள்ளைப் புள்ளி.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு வேலை முடிந்து வந்து ஷெட்டைத் திறந்தாள். தகரக் கதவின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்து கிடந்தது. ஸ்டாண்டில் எஞ்சின் தலைகீழாக, அவள் விட்டுப் போனபடியே நின்றது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

இரண்டாம் மூடியின் எண்ணும் ராடின் எண்ணும் ஒரே பக்கம் இருந்தன.

கிராங்கைப் பிடித்துச் சுற்றினாள். வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது.

அவள் வைத்திருந்த வெள்ளைப் புள்ளிகளின் மேல், இரண்டு போல்ட்டிலும், மஞ்சள்.

விரலால் தொட்டாள். ஈரம் விரலோடு வந்தது.

அப்பா பஸ் ஓட்டிவிட்டு ஆறு மணிக்குத்தான் வருவார். காலை எட்டிலிருந்து வீடு பூட்டித்தான் கிடந்தது. ஆனாலும் அவர் வந்ததும் கேட்டாள்.

“அப்பா, எஞ்சின்ல நீங்க ஏதாவது கை வெச்சீங்களா?”

“நானா? எனக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியும், பிரேக் மிதிக்கத் தெரியும். மத்தத எல்லாம் உங்க அக்காகிட்ட...”

அவர் முடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையைக் கையால் நீவி நீவி விட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

அன்று அவள் பயந்திருக்க வேண்டும். பயந்துதான் இருந்தாள். ஆனால் படுக்கையில் கிடந்து யோசிக்க யோசிக்க, பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று தலைதூக்கியது. தப்பு செய்தால் அக்கா வருகிறாள்.

மார்ச் 12, வியாழன்.
மூன்றாம் ராடின் இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகிவிட்டு, இறுக்காமலே வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறேன். இது பிழை இல்லை. தெரிந்தே செய்தது. எங்கே எழுதுவது என்று தெரியாததால் பிழை என்ற இடத்திலேயே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த இரண்டு போல்ட்டும் முழு அளவுக்கு இறுகியிருந்தன. மஞ்சள் புள்ளிகள் சரியான வட்டமாக இல்லை. கை நடுங்கியது போல ஒரு பக்கம் இழுத்திருந்தன. ஷெட்டில் டீசல் நாற்றத்தோடு, அக்கா நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை நின்றது. நோட்டு அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். அப்பாவே நிமிர்ந்து பார்த்தார்.

ஆசைக்கு அளவு ஏது? இரண்டு போல்ட்டை இறுக்க அக்காவுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேர வேலையாக இருந்தால்?

சனிக்கிழமை நான்காம் பிஸ்டனைப் பின்பக்கம் முன்னாக வைத்துப் பூட்டினாள். தலையில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினின் முன்புறம் பார்க்க வேண்டும். அவள் பின்புறம் பார்க்க வைத்தாள். அதைச் சரிசெய்ய மூடியைக் கழற்ற வேண்டும், பிஸ்டனை வெளியே தள்ள வேண்டும், ரிங்குகளைப் பட்டையால் இறுக்கி, சுத்தியல் கைப்பிடியால் தட்டித் தட்டி மறுபடி இறக்க வேண்டும். ஞாயிறு அப்பா வீட்டில் இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. திங்களன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிறவள் போலக் கிளம்பி, தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தாள். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான்.

பத்து மணி. பதினொன்று. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்தார்கள். அது நின்றது.

டிக்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் திரும்பும் சத்தம்.

டிக். டிக்.

நோட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷத்தில். அக்காதான். மூன்று டிக், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று டிக். அவள் கைத்தாளம் இவளுக்குத் தெரியாதா?

அந்த நிறுத்தத்தில் இன்னொரு சத்தம் இருந்தது.

மூச்சு.

இழுத்து, பாதியில் சிக்கி, சீழ்க்கை போலக் கிழிந்து வெளியே வரும் மூச்சு. ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மூச்சு. அப்போதும் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டே இருந்தாள். குறிப்பேட்டின் பின்பக்கங்களில் அது இருக்கிறது. முதல் நாள் இருபத்தெட்டு. பத்தாம் நாள் முப்பத்தைந்து. கடைசி நாள் காலை நாற்பத்து நான்கு. அதற்கு அடுத்த வரி கிடையாது.

பழக்க தோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

முப்பத்தாறு.

ஏதோ கனமாக நழுவியது. பிஸ்டன் வெளியே வந்துவிட்டது. மூச்சு இரைந்தது.

முப்பத்தொன்பது.

ரிங் பட்டை இறுகும் கரகரப்பு. சுத்தியல் கைப்பிடியின் மெத்தென்ற தட்டு. ஒரு தட்டு. நீண்ட நிறுத்தம். இன்னொரு தட்டு.

நாற்பத்திரண்டு.

அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. நிம்மதியாகக் கிடந்தவளை எழுப்பி, அதே நெஞ்சோடு, அதே மூச்சோடு வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்து நான்குக்கு இன்னும் இரண்டுதான் பாக்கி.

“அக்கா, விடு!” கதவில் விழுந்து கத்தினாள். “போதும், விடு. நான்தான் வேணும்னே...”

சத்தம் நின்றது. மூச்சு நிற்கவில்லை. மரப்பலகைக்கு அந்தப் பக்கம், மிக அருகில், கிசுகிசுப்பாக:

“நோட்டு... வெளிச்சம் புடி.”

கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. வெயில் காசுகள் தரையில் அசையாமல் கிடந்தன. நான்காம் துளையில் பிஸ்டன் பாதி இறங்கி நின்றது, அம்புக்குறி முன்புறம் பார்த்தபடி. சிமெண்ட் தரையில் இரண்டு முழங்கால்களின் தடம், எண்ணெயில். சுத்தியல் கைப்பிடியை எடுத்தாள். வியர்வையில் நனைந்து, சூடாக இருந்தது.

மூச்சு அவளுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில் இரைந்துகொண்டிருந்தது. அக்கா முட்டி போட்டிருக்கிறாள்.

நோட்டு டார்ச்சை எடுத்தாள். கையில் பிடிக்கவில்லை. எரியவிட்டுப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

“நீ உக்காரு” என்றாள். “இந்தத் தடவ நீ டார்ச் புடி, அக்கா. நான் பண்றேன்.”

அவள் குனிந்து பிஸ்டனில் கைப்பிடியை வைத்தாள். இரண்டு பக்கமும் கண்ணால் அளந்தாள். தட்டினாள். இறங்கியது. எஞ்சினை ஸ்டாண்டில் திருப்பிக்கொண்டு, மூடியை எடுக்கக் கை நீட்டியபோது எண் தெரியவில்லை, நிழலாக இருந்தது.

வெளிச்சம் நகர்ந்து வந்து எண்ணின் மேல் நின்றது.

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கு நுனியில் திரண்ட கண்ணீர் பேரிங்கில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். எண்ணும் எண்ணும் ஒரே பக்கம். முதல் போல்ட். வெளிச்சம் முதல் போல்ட்டில். இரண்டாம் போல்ட். வெளிச்சம் அங்கே வந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது. முப்பத்து மூன்று. இருபத்தெட்டு.

வெள்ளைப் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தபோது ஷெட்டில் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அது அவளுடையது. டார்ச் பெஞ்சின் மறுமுனையில் இருந்தது.

அதன் பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்துவிடக் கூடாதே என்ற நடுக்கத்திலேயே மூன்று வாரம் ஓடியது. வகுப்பில் சந்தேகம் கேட்டுக் கேட்டு லாரிக்காரரையே களைப்படைய வைத்தாள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் கீழ் வைக்கும் கேஸ்கட் தகட்டில் மூன்று தடிமன் உண்டு; எதை வைப்பது என்று பிஸ்டன்களின் உயரத்தை ஐந்து முறை அளந்தாள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வகுப்பில் சொன்ன வரிசையில் இறுக்கும்போது அப்பா டார்ச் பிடித்தார்.

“அப்பா, எஞ்சின்ல அடிங்க. என் கண்ல அடிக்கறீங்க.”

“அவளும் இதத்தான் சொல்லுவா” என்றார் அப்பா. இந்த முறை வாக்கியத்தை முடித்தார்.

ஒவ்வொரு நாள் மாலையும் ஷெட்டைத் திறந்ததும் முதலில் போல்ட்டுகளைத்தான் பார்ப்பாள். வெள்ளைப் புள்ளிகள் வெள்ளையாகவே இருந்தன. தைல வாசனை போய்விட்டது. யாரும் வரவில்லை. அதைத்தான் வேண்டிக்கொண்டாள், ஆனாலும் ஒவ்வொரு மாலையும் அக்காவை மறுபடி ஒருமுறை அனுப்பிவைப்பது போல வலித்தது.

ஏப்ரல் ஐந்து, ஞாயிறு, காலை பத்து மணி. எஞ்சின் காருக்குள் ஏறியிருந்தது. அப்பா ஷெட் வாசலில் நின்றார். அவள் சாவியைத் திருப்பி, எஞ்சின் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை காத்திருந்து, இன்னும் திருப்பினாள். எஞ்சின் முக்கியது. முனகியது. வெள்ளைப் புகை ஒரு குவியல் கக்கியது. பிறகு ஒரு சிலிண்டர், இரண்டு, நான்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. தகரக் கதவு கிடுகிடுத்தது. அப்பா முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு குலுங்கினார்.

பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தாள்.

அந்த அமைதியில், பின் சீட்டிலிருந்து, மூச்சு.

திரும்பாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். இழுப்பு இல்லை, சீழ்க்கை இல்லை. தூங்குகிறவர்களின் மூச்சு. ஒரு நிமிடத்துக்குப் பதினாறு. அடுத்த நிமிடம் எண்ண ஒன்றும் இல்லை.

காரை விட்டு இறங்கினாள். அப்பா அருகில் வந்து அவள் பின்னலை ஒதுக்கினார்.

“என்ன சின்னவளே, கழுத்துக்குப் பின்னாடி பெயிண்டு?”

“வெள்ளையாப்பா?”

“இல்ல, மஞ்சள். ஒரு சொட்டு... பொட்டு மாதிரி, வட்டமா. இன்னும் காயலயே.”

ஏப்ரல் 5, ஞாயிறு.
இன்றைய பிழை: இருக்கும். பார்க்கவில்லை.
நாளை: எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் அளவு, எண்ணெய்க் கசிவு பார்க்க வேண்டும். அப்பாவின் துண்டை ஊறவைக்க வேண்டும். குளிக்கும்போது கழுத்தில் சோப்புப் போடக் கூடாது.